எட்டா, பதினாலா?

பெய்ரூட்
2 டிசம்பர் 2007

என் அக்கா சகீனாவுக்கு, மஹாசின் எழுதுவது.

உன் மீதும் தையிப் மச்சான் மீதும், நான் இன்னும் பார்க்காத குட்டி அம்னா மீதும் இறைவனின் அமைதி இருக்கட்டும். நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. கட்டடத்தின் லிஃப்ட் போன குளிர்காலத்தில் மூன்றாம் மாடியில் நின்றது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. பழுது பார்க்க வேண்டுமென்றால் குடியிருப்போர் கமிட்டி கூடிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பேர் மீதிப் பேரோடு ஒரே அறையில் உட்கார மாட்டார்களாம். அதனால் வாட்ச்மேனான அப்பா எட்டு மாடிக்கும் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்.

ஒரு கூத்து நடந்தது. எதிரே இருக்கும் அபூ நதீம் மளிகைக் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், "ஏ சூடானிப் பொண்ணு, நீங்க எட்டா, பதினாலா?" என்று கேட்டார். மாடியைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். "நாங்க தரைத்தளங்க. பதினாலாவது மாடி எங்க கட்டடத்துல இல்லீங்க" என்றேன். எல்லோரும் இருமும் அளவுக்குச் சிரித்தார்கள். அபூ நதீம், "இந்த ஊர்லயே சரியான பதில் இவ ஒருத்திதான்டா சொல்லியிருக்கா" என்றார். இப்போது தெருவில் அப்பாவுக்கு 'தரைத்தளம் பாபிகிர்' என்று பெயர்.

பிறகு அப்பாதான் விளக்கினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மார்ச் மாதம் எட்டாம் தேதி ஒரு கூட்டம் சதுக்கத்தில் கூடியதாம், பதினாலாம் தேதி அவர்களுக்கு எதிரான கூட்டம். "பேரு கிடைக்காம தேதிய வெச்சுக்கிட்டாங்க" என்கிறார். போன வாரத்திலிருந்து இந்த நாட்டுக்கு ஜனாதிபதியும் இல்லை. குப்பை வண்டி மட்டும் தவறாமல் வருகிறது.

இதை ஊருக்கு வரும் இத்ரீஸ் மாமாவிடம் கொடுக்கிறேன். அம்னாவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் மஹாசின்


ஓம்துர்மான்
5 ஜனவரி 2008

கண்ணான தங்கைக்கு,

நீயும் அப்பாவும் நலமென்று படித்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன். இறைவன் உங்களை அப்படியே வைக்கட்டும். நாங்களும் நலம். அம்னா எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறாள்.

தரைத்தளம் கதையை எதிரே வேப்பமரத்தடியில் டீ விற்கிறாளே ஹவ்வா, அவளுக்கும் படித்துக் காட்டினேன். டீக்குவளை கையிலிருந்து நழுவும்படி சிரித்தாள். "தங்கச்சிய அங்கயே ஜனாதிபதி ஆக்கச் சொல்லு" என்கிறாள்.

மச்சான் ரேடியோவில் உங்கள் ஊர்ச் செய்தி கேட்கிறார், ஒன்றும் புரியவில்லை என்கிறார். எனக்கும்தான். உன் கட்டடத்தையே வைத்து எழுதேன். எந்த மாடியில் யார், அவர்கள் எட்டா பதினாலா, ஏன் சண்டை என்று மாடி மாடியாக எழுது. நீ வாயால் பேசாததை எல்லாம் கையால் எழுதுகிறவள். இதையும் எழுதிவிடுவாய்.

காய்ந்த வெண்டைத் தூளும் செம்பருத்தியும் இத்ரீஸ் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். அப்பாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்.

அக்கா சகீனா


பெய்ரூட்
10 பிப்ரவரி 2008

அக்காவுக்கு ஆயிரம் சலாம்.

நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். வெண்டைத் தூள் வந்த அன்றே குழம்பு வைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

நீ கேட்டதற்காக இரண்டு வாரமாகப் படிக்கட்டைத் துடைக்கும்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. ஒரே ஒரு தடவை கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். இரண்டாம் மாடி வலதில் நுஹாத் அம்மா இருக்கிறார். தனியாக இருப்பவர், வெங்காயம் பொரித்துப் போட்ட பருப்புச் சோற்றைத் தட்டில் வைத்து எங்களுக்கு அனுப்புவார். அவரிடம், "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது. "எதுக்குக் கேக்கற கண்ணு?" என்றார். நம் ஊரில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது அதைத்தானே. அப்பா, "இங்க ஊரக் கேட்டா எந்த மதம், எந்தக் கட்சின்னு கேக்கற மாதிரி. இனி வாயத் திறக்காத" என்றார்.

அதனால் வாசலில் விழும் பத்திரிகை, கதவு வழியே கேட்கும் டிவி, பால்கனிக் கொடி, இவற்றை வைத்தே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஓரத்தில் எட்டோ பதினாலோ போட்டிருக்கிறேன், பார். முதல் மாடி பல் டாக்டர் எந்தச் செய்தி வந்தாலும் டிவியைத் திட்டுவார். அவர் எந்தப் பக்கம் என்று பிரிக்க ரொம்ப நேரம் ஆனது. நுஹாத் அம்மா ஒரு கட்சிப் பக்கம். நேர் எதிர்ப் பக்கம் ஐந்தாம் மாடி இடது, உஸ்தாத் நசீப். அவரும் மனைவி சல்மாவும் மட்டும். பத்திரிகை ஆபீஸில் வேலை. பெரிய ஆளாக இருப்பார் என்று நினைக்கிறேன். காலையில் ஒரு பெரிய கறுப்புக் கார் இரண்டு தடவை வந்து அழைத்துப் போனது, மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்திருந்தார். எங்கள் அறை ஜன்னல், காற்று வருவதற்காகக் கட்டடத்தின் நடுவே மேல்வரை விட்டிருக்கும் குறுகிய இடைவெளிக்குள்தான் திறக்கும். அண்ணாந்தால் அவர் சமையலறைக் கூண்டில் மஞ்சளாக ஒரு கானாரிப் பறவை தெரியும். கட்டடத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. நான் அவருக்குக் 'கானாரிக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். உனக்கும் எனக்கும் மட்டும்.

ஏன் சண்டை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ரொட்டியை ஒரே கடையில் வாங்குகிறார்கள்.

இத்ரீஸ் மாமா இந்தத் தடவை சொல்லாமலே கிளம்பிவிட்டார். அபூ நதீம், "குடு மகளே, நான் பெரிய தபாலாபீஸ் பக்கம் போறேன், போட்டுடறேன்" என்கிறார். நல்ல மனுஷர். அவரிடம் கொடுக்கிறேன்.

அம்னாவுக்கு முத்தம்.
மஹாசின்


ஓம்துர்மான்
30 மார்ச் 2008

தங்கைக்கு,

நலமா? அப்பா நலமா? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. மாடி மாடியாக எழுதச் சொன்னதில் கோபமா? எழுதப் பிடிக்கவில்லையென்றால் விடு. வெண்டைத் தூள் வந்ததா என்றாவது எழுது. அம்னாவுக்கு இரண்டு பல் வந்துவிட்டது. ஹவ்வா அவளுக்குச் சிவப்பு மணி கோத்துக் கட்டியிருக்கிறாள். நாங்கள் நலம்.

சகீனா


பெய்ரூட்
19 ஏப்ரல் 2008

அக்காவுக்கு,

சலாம். நாங்கள் நலம். நான் எழுதினேன் அக்கா. பிப்ரவரியிலேயே எழுதினேன், நான்கு பக்கம். அபூ நதீமிடம் கேட்டேன். "தபால்னா தொலையத்தான் செய்யும் மகளே. ஒரு நாட்டுக்கு ஜனாதிபதியவே தொலைச்சிருக்கோம்" என்று சொல்லிச் சூயிங்கம் கொடுத்தார். ஒருவேளை மெதுவாக வந்து சேரும். வந்தால் உடனே தெரிவி.

அப்பா கூப்பிடுகிறார், கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது.
மஹாசின்


பெய்ரூட்
27 மே 2008

என் அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடு, நலமாக இருக்கிறோம். முதலில் இதைப் படித்து மூச்சு விடு. விமான நிலையப் பாதை இப்போதுதான் திறந்தது. அங்கே உங்களுக்கும் அதே நாட்களில் சண்டை என்று ரேடியோவில் கேட்டு அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உடனே எழுது.

இங்கே மூன்று நாள் தெருவில் துப்பாக்கி. எங்கள் அறைக்குத் தெருப் பக்கம் ஜன்னல் இல்லாததால் கட்டடம் முழுவதும் இறங்கி வந்து எங்கள் பாயில் உட்கார்ந்தது. எட்டும் பதினாலும் முட்டிக்கு முட்டி. நுஹாத் அம்மாவும் சல்மா அம்மாவும் ஒரே போர்வை. நான் செம்பருத்தித் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பல் டாக்டர், "லிஃப்ட் ஓடலன்னு திட்டினேன். இப்ப மேல போக யாருக்கு ஆசை?" என்றார். சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சத்தம் ஓய்ந்தது, எல்லோரும் வீட்டுக்கு ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆயுதத்தோடு நான்கு பேர் வந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக ஐந்தாம் மாடி இடது கதவுக்குப் போய் உஸ்தாத் நசீபை வீட்டுச் செருப்போடு இறக்கிக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டார்கள். மலையில் இருக்கும் சொந்த ஊருக்கு மனைவியோடு போய்விட்டார். கையில் கட்டுப் போட்டிருந்தது.

தலைவர்கள் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து கைகுலுக்கித் திரும்பிவிட்டார்கள். ஜனாதிபதியும் வந்துவிட்டார். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரிக் கடிதம் இப்போது வந்தால் படிக்காதே. எரித்துவிடு.

மஹாசின்


ஓம்துர்மான்
8 ஜூன் 2008

தங்கைக்கும் அப்பாவுக்கும்,

இறைவனுக்கு நன்றி. நாங்களும் நலம். மேற்கிலிருந்து கலகக்காரர்கள் பாலம் வரை வந்துவிட்டார்கள், ஒரு நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் அம்னாவோடு கிடந்தேன். இப்போது அமைதி. ஹவ்வா ஊருக்குப் போய்விட்டாள். மரத்தடியில் டீ இல்லை.

பிப்ரவரிக் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. ஏன் எரிக்கச் சொல்கிறாய்? உன்னைத் தொட்டிலில் ஆட்டியவள் நான். "வேறு விசேஷம் இல்லை" என்று நீ எழுதினால் விசேஷம் இருக்கிறது என்று அர்த்தம். மறைக்காமல் எழுது.

சகீனா


பெய்ரூட்
27 ஜூன் 2008

அக்கா,

நலமா என்று கேட்காமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இதை இத்ரீஸ் மாமா கையிலேயே கொடுக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் படிக்கட்டுக்கு அடியில் துடைப்பத்தோடு நின்றேன். வந்தவர்களில் ஒருவன் இன்னொருவனிடம், "கானாரிக்காரன் எந்தக் கதவுடா?" என்றான். மற்றவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்து, "அஞ்சு. இடது" என்றான்.

அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. உனக்கு ஒரு தடவை எழுதினேன். அவ்வளவுதான். அது உனக்கு வந்து சேரவில்லை.

அப்பாவுக்குத் தெரியாது. இதுகூடப் போகட்டும் அக்கா, இன்னொன்று இருக்கிறது. அன்றைக்கு அந்த ஆட்கள் தண்ணீர் கேட்டார்கள், நுஹாத் அம்மா கொடுத்தார். அவரும் அந்த ஆட்களின் கட்சிப் பக்கம் வேறு. அதனால் காட்டிக்கொடுத்தது அவர்தான் என்று கட்டடம் முடிவு செய்துவிட்டது. சல்மா அம்மா வெள்ளிக்கிழமைதோறும் துணி எடுக்க வருகிறார். வரும்போதெல்லாம் இரண்டாம் மாடியில் நின்று, "எம் புருஷன் விரல எவ்வளவுக்கு வித்த?" என்று கத்துகிறார். யாரோ நுஹாத் அம்மா கதவில் ஒரு கெட்ட வார்த்தை எழுதுகிறார்கள். தினமும் விடிந்ததும் நான்தான் அதைத் துடைக்கிறேன். நுஹாத் அம்மா எனக்கு நன்றி சொல்கிறார்.

சல்மா அம்மா சாவியை என்னிடம் கொடுத்துப் பறவைக்குத் தீனி போடச் சொல்லியிருக்கிறார். என்னை அவ்வளவு நம்புகிறார். கிட்டப்போய்ப் பார்த்தால் அதன் உடம்பு பழுப்பு, முகம் சிவப்பு. மஞ்சள் இறக்கையில் மட்டும்தான்.

நான் உண்மையைச் சொன்னால் அப்பாவின் வேலை போகும். இந்த அறை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். சொல்லாவிட்டால் நுஹாத் அம்மா. நான் என்ன செய்யட்டும்? அபூ நதீம் இப்போதும் சிரிக்கிறார்.

மஹாசின்


ஓம்துர்மான்
25 ஜூலை 2008

மஹாசின்,

வாயைத் திறக்காதே, அப்பாவை நினை என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். பட்டியல் கேட்டதே நான்தான்.

ஹவ்வா ஊருக்குப் போனாள் என்று எழுதினேனே, அது பொய். சண்டைக்கு மறுநாள் அரசாங்க ஆட்கள் தெருவில் வந்தார்கள். நம் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "அந்த டீக்காரி எந்த ஊரு?" நான், "மேற்குங்க. தார்ஃபூர் பக்கம்" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். அவள் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்றிக்கொண்டு போனார்கள். இதுவரை வரவில்லை. அவள் முக்காலி மரத்தடியிலேயே கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்னா கையில் இன்னும் அந்தச் சிவப்பு மணி இருக்கிறது.

என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

உன் அக்கா


பெய்ரூட்
7 ஆகஸ்ட் 2008

மதிப்புக்குரிய உஸ்தாத் நசீப் அவர்களுக்கு,

உங்கள் கை குணமாகியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன். நான் வாட்ச்மேன் பாபிகிரின் மகள். யாரிடமும் கொடுக்கப் பயந்து, இதை உங்கள் மனைவி எடுத்துப்போகும் சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன்.

உங்களைப் பற்றி அக்காவுக்கு எழுதியவள் நான். புரிந்துகொள்வதற்காக எழுதினேன். அது வேறு கைக்குப் போய்விட்டது. நுஹாத் அம்மா எதுவும் செய்யவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அவரைப் பற்றி மட்டும் உங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பறவை நலம். தீனி நன்றாகச் சாப்பிடுகிறது.

மஹாசின் பாபிகிர்


மலையிலிருந்து
20 ஆகஸ்ட் 2008

மஹாசினுக்கு,

நலமே. இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தாளை எனக்குக் காட்டினார்கள். படித்தும் காட்டினார்கள். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். "மின்சாரம் மூன்று மணிக்கு" என்று லிஃப்ட் கதவில் நீ எழுதி ஒட்டுவதைத் தினமும் படிக்கிறவன் நான். 'கானாரிக்காரர்' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குத் தனியாக ஒரு அடி விழுந்தது.

பத்திரிகையில் என் வேலை பிழை திருத்துவது. இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் எழுதியதில் தவறு தேடுகிறேன். உன் பட்டியலிலும் தவறுகள் உண்டு. கறுப்புக் கார் என் மைத்துனனுடையது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், மடியில் இருந்த பையில் பரிசோதனைப் படங்கள். ஓரத்தில் எனக்கு நீ போட்டிருந்த எண் நான் சம்பளம் வாங்கும் இடத்தின் எண். என் எண் அல்ல. இதை அவர்களிடமும் சொன்னேன், கேட்கவில்லை. அப்புறம், அது கானாரி அல்ல. ஹஸ்ஸூன் என்கிற குருவி. கீழிருந்து பார்த்தால் மஞ்சள் மட்டும்தான் தெரியும்.

இரண்டாம் மாடிக்காரி இல்லை என்று சல்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. அப்படியானால் வேறு யார் என்று கேட்கிறாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்ல வேண்டியதில்லை.

நசீப்


பெய்ரூட்
14 செப்டம்பர் 2008

என் அக்காவுக்கு,

நோன்பு உங்களுக்கு லேசாக இருக்கட்டும். நாங்கள் நலம். இந்தக் கடிதத்தை நான் யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. உன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். நீ படித்து முடித்துக் கூப்பிடு.

உஸ்தாதுக்கு உண்மையை எழுதிவிட்டேன். அவர் பதில் வந்த பிறகு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். அவரே சொல்ல வேண்டாம் என்றுவிட்டாரே. மறு வெள்ளிக்கிழமை சல்மா அம்மா வந்தார். நுஹாத் அம்மா காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தார். சல்மா அம்மா வழியை மறித்து நின்றார்.

"எம் புருஷன் உனக்காகப் பேசறாரு. அவரையும் மிரட்டி வெச்சிருக்கியா?"

"வழி விடு சல்மா. பை கனக்குது."

"மனசு கனக்கலியா உனக்கு?"

நுஹாத் அம்மா பையைக் கீழே வைத்தார். ஒரு தக்காளி உருண்டு என் வாளி வரைக்கும் வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு ஏறினேன். மாடி மாடியாகக் கதவுகள் திறந்திருந்தன, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நான்தாங்க" என்றேன்.

"என்ன நீதான்?" என்றார் சல்மா அம்மா.

"எழுதினது நான். எங்க அக்காவுக்கு. இவங்க இல்ல."

நுஹாத் அம்மா என்னையே பார்த்தார். "கதவ நீ தொடச்சியே" என்றார். "தினம் தொடச்சியே" என்று மறுபடி சொன்னார். பிறகு என் கையிலிருந்த தக்காளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனார். சல்மா அம்மா சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். பறவையையும் அன்றே எடுத்துப் போய்விட்டார்.

அப்பா அடிக்கவில்லை. "படிக்கத்தான் அனுப்ப முடியல. எழுதறத நிறுத்தி வெச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எட்டும் பதினாலும் பல் டாக்டர் வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நான்தான் நாற்காலிகளைச் சுமந்து போனேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாதக் கடைசிக்குள் நாங்கள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதி எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளை அப்பா என்னிடம் படிக்கக் கொடுத்தார். ஐந்தாம் மாடி இடதுக்கு நேரே இடம் காலி. இரண்டாம் மாடி வலதுக்கு நேரேயும் காலி. மற்றவை எல்லாம் நிரம்பியிருந்தன. லிஃப்டைப் பற்றி யாரும் பேசவில்லையாம்.

அப்பா டிக்கெட்டுக்கு அலைகிறார். பெருநாளுக்கு அங்கே இருப்போம் என்று நினைக்கிறேன். வந்ததும் முதலில் ஹவ்வாவின் முக்காலியை எடுத்து உள்ளே வைக்கலாம் அக்கா. மழையில் நனைய வேண்டாம்.

இன்று ரொட்டி வாங்கப் போனேன். அபூ நதீம் சூயிங்கம் நீட்டினார். நோன்பு என்றேன். "ஊருக்கே போறீங்களாமே, பாவம். அக்காவுக்குக் கடிதம் ஏதாச்சும் போடணுமா மகளே?" என்றார். கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"வேணாங்க" என்றேன். "நானே கொண்டுபோறேன்."

மஹாசின்